நல்லூர்த் தோரண வாயிலும் அதன் பேணுகையும்

ஒரு நாட்டின் கட்டடக்கலையை உருவாக்குவதில் அரசனது விருப்பிற்கு நிகராக அந்நாட்டின் நிலமும் பங்குகொள்கின்றது. 1010 ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலின் விமானம் கருங்கல்லால் இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ கருங்கல் இல்லை. சுண்ணக்கல்லும் முருகைக்கல்லுமே உண்டு. யாழ்ப்பாண அரசின் தலைநகராக விளங்கிய நல்லூரின் எச்சங்களை ஆராய்வோர் இவ்வேறுபாட்டை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும்.

1619 இல் பிலிப் டி ஒலிவேறாவின் படையெடுப்பால் சங்கிலி மன்னனின் ஆட்சி முடிவுற்றது. 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்கு எடுத்துச் செல்லப்பட்டன என்பது மரபு. இன்றைய கோயில் 18 ஆம் நூற்றாண்டில் வேறோர் இடத்தில் எழுந்தது. அதன் உயர்ந்த கோபுரங்கள் அண்மைக் காலத்தவை. எனவே பழைய நல்லூரைத் தேடுவோருக்கு எஞ்சியிருப்பவை பகர வடிவான யமுனா ஏரி, மந்திரிமனை, சங்கிலியன் தோப்பிலுள்ள தோரண வாயில் முதலிய சிலவே.

இத்தோரண வாயிலை அரண்மனையின் முகப்பென மக்கள் மரபு கொள்ளும். ஆயினும் அதன் வளைவும் சாந்து வேலைப்பாடும் ஐரோப்பியர் காலக் கட்டடப்பாணியை நினைவூட்டுவதால், இன்றைய வடிவம் பிற்பட்டதெனக் கருதுவாரும் உளர். அவ்வாறாயின் அதன் சிறப்புக் குன்றுமோ எனின், குன்றாது. ஆட்சிகள் மாறிய பின்னரும் வீழ்ந்த அரசின் பெயரை அந்நிலத்தோடு பிணைத்து வைத்திருப்பது அவ்வாயிலே. இல்லாத முதுமையை அதற்கு ஏற்றுதல் வரலாற்றுக்கு இழுக்கு. பிற்பட்டதெனக் கைவிடுதல் அதனினும் பெரிய இழுக்கு.

பேணும் முறையும் ஈண்டு நோக்கற்பாலது. முருகைக்கல் ஈரத்தை உறிஞ்சும்; சுண்ணச்சாந்து அவ்வீரத்தை வெளியேற விடும். சீமெந்து பூசப்படின் ஈரமும் உப்பும் உள்ளே தங்கிக் கல்லை அரிக்கும். வெடிப்புகளில் வேரூன்றும் ஆலும் அரசும் சுவரைப் பிளக்கும். ஆகவே வெடிப்புகளைப் பழைய முறைச் சுண்ணச்சாந்தால் அடைத்தலும், செடிகளை முளையிலேயே களைதலும், அளவும் படமும் எடுத்து ஆவணப்படுத்துதலும் உடனடித் தேவைகளாம்.

1621 இல் நேர்ந்த அழிவைத் தடுக்கும் ஆற்றல் அன்றைய நல்லூர் மக்களிடம் இருக்கவில்லை. இன்று எஞ்சிய வாயில் வீழுமாயின் அதற்கு அந்நியரைக் காரணங்காட்ட இயலாது.