மதராஸில் பிறந்த குரலும் 56 வாரங்களும்

1967 மார்ச் மாதம் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் மதராஸில் பிறந்தவர். மேடைப் பெயர் எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க், பாட்டு 'ரிலீஸ் மீ'. இரண்டாம் இடம் வரை வந்து அதற்கு மேல் ஏற முடியாமல் நின்றது பீட்டில்ஸின் இசைத்தட்டு. அதன் ஒரு பக்கம் 'பென்னி லேன்', மறுபக்கம் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. 1963இலிருந்து பீட்டில்ஸ் வெளியிட்ட 11 சிங்கிள்கள் வரிசையாக அந்தப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்திருந்தன. பன்னிரண்டாவது பிடிக்கவில்லை.

பிரிட்டிஷ் பாப் இசையின் வரலாற்றைச் சொல்லும் எந்தப் புத்தகத்திலும் இந்தச் செய்தி இருக்கும். பெரும்பாலும் வருத்தத்தோடு, ஏதோ அநியாயம் நடந்துவிட்டதுபோல எழுதியிருப்பார்கள். 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்' எவ்வளவு பெரிய சாதனை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் தெற்கு ரயில்வேயின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு பேரேட்டைத் திறந்தால் பெரிய தொகையோடு நிற்காமல் கடைசிப் பத்தி வரை பார்ப்பது என் பழக்கம். இந்தப் பாட்டின் கணக்கிலும் கடைசிப் பத்தியில் ஓர் எண் இருக்கிறது. 'ரிலீஸ் மீ' பிரிட்டனின் முதல் 50 பாட்டுகளுக்குள் தொடர்ந்து 56 வாரங்கள் இருந்தது. முதலிடத்தில் இருந்தது 6 வாரங்கள்தான். புத்தகங்கள் அந்த ஆறைப் பற்றியே பேசுகின்றன. நான் 56ஐப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

முதலில், அந்தப் பட்டியல் எப்படித் தயாரானது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1952 நவம்பரில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகை இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எது அதிகம் விற்றது என்று கேட்டு, பிரிட்டனின் முதல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. அடுத்து மற்றப் பத்திரிகைகளும் ஆளுக்கொரு பட்டியல் போட்டன. 1960இல் 'ரெக்கார்ட் ரீட்டெய்லர்' என்ற வியாபார இதழ் 50 இடங்கள் கொண்ட பட்டியலைத் தொடங்கியது. இன்றைக்கு வரலாறு எழுதுகிறவர்கள் அந்தக் காலத்துக்கு எடுத்துக்கொள்வது இதைத்தான். எல்லோருக்கும் பொதுவான அதிகாரபூர்வப் பட்டியல் 1969இல்தான் வந்தது. அதனால் 1967இல் பத்திரிகைக்குப் பத்திரிகை முதலிடம் மாறும். 'மெலடி மேக்கர்' பத்திரிகையின் பட்டியலில் பீட்டில்ஸின் அதே இசைத்தட்டு முதலிடத்தைப் பிடித்தது. மாதிரிக்கு எடுத்த கடைகளைப் பொறுத்த விஷயம் அது. ஒரு வாரத்தின் உச்சியை இப்படி அசைத்துப் பார்க்கலாம். ஒரு வருஷத்துக்கும் மேலாக வாரம் தவறாமல் யாரோ கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதை எந்தக் கடைக் கணக்கும் மாற்றிவிட முடியாது.

யார் இந்தப் பாடகர்? ஆர்னால்ட் ஜார்ஜ் டோர்ஸி, 1936 மே 2ஆம் தேதி மதராஸில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். வீட்டில் பத்துக் குழந்தைகள். ஆர்னால்டுக்குப் பத்து வயது ஆனபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறி லெஸ்டர் நகரத்தில் குடியமர்ந்தது. காலுறையும் பின்னலாடையும் காலணியும் செய்யும் ஆலைகளால் வாழ்ந்த ஊர் லெஸ்டர். திருப்பூரைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஊரின் காலைச் சங்குச் சத்தம் புரியும். அங்கே பையன் முதலில் கற்றுக்கொண்டது சாக்ஸஃபோன். பதினேழு வயதில் ஒரு மதுக்கடை மேடையில் பாட ஏறினார். நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸைப் போல நன்றாக நடித்துக் காட்டுவார் என்பதால் ஜெர்ரி டோர்ஸி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயரில் அவருக்கு எதுவும் கைகூடவில்லை. ராணுவ சேவையை முடித்து வந்து 1950களின் இறுதியில் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்த இசைத்தட்டுகள் விற்கவில்லை. 1961இல் காசநோய் வந்து மாதக்கணக்கில் படுத்துவிட்டார். எழுந்து வந்தபோது, இருந்த கொஞ்ச வாய்ப்புகளும் போயிருந்தன. கல்யாணமாகிவிட்டது. குழந்தைகளும் பிறந்தார்கள். முப்பதை நெருங்கும் ஒரு பாடகருக்கு, அதுவும் பீட்டில்ஸ் வந்து எல்லாவற்றையும் இளமையின் பக்கம் திருப்பிவிட்ட காலத்தில், பாட்டுத் தொழிலில் இடம் கிடைப்பது லேசான காரியமா?

அப்போதுதான் கார்டன் மில்ஸ் வருகிறார். ஒரு காலத்தில் டோர்ஸியோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். டாம் ஜோன்ஸைக் கண்டெடுத்து 'இட்ஸ் நாட் அன்யூஷுவல்' பாட்டை லெஸ் ரீடுடன் சேர்ந்து எழுதி, அவரை 1965இல் உச்சிக்குக் கொண்டுபோன மேலாளர். வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்கில் வளர்ந்த இந்த மில்ஸும் பிறந்தது மதராஸில்தான், 1935இல். ராணுவக் குடும்பங்களும் ரயில்வே குடும்பங்களும் வந்துபோய்க்கொண்டிருந்த அன்றைய மதராஸில் ஒரு வருஷ இடைவெளியில் பிறந்த இரண்டு பிள்ளைகள், முப்பது வருஷம் கழித்து லண்டனில் கைகோத்தார்கள். நம் ஊரின் வரலாற்றில் இதற்கு ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

புதுப் பெயர் வேண்டும் என்றார் மில்ஸ். 'ஹான்ஸலும் கிரெட்டலும்' என்ற இசை நாடகத்தை 1893இல் அரங்கேற்றிய ஜெர்மன் இசையமைப்பாளர் எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்கின் பெயரை அப்படியே எடுத்து வைத்தார். ஒரு முறை கேட்டால் மறக்காத பெயர்.

பெயர் புதிது, பாட்டு பழையது. 'ரிலீஸ் மீ' அமெரிக்காவின் கன்ட்ரி இசையில் பிறந்தது. எடி மில்லர் முதலானோர் எழுதியது. 1954இலேயே ரே பிரைஸும் கிட்டி வெல்ஸும் தனித்தனியாகப் பாடி அங்கே வெற்றி கண்டார்கள். 1962இல் எஸ்தர் ஃபிலிப்ஸ் என்ற கறுப்பினப் பாடகி அதை ரிதம் அண்ட் ப்ளூஸாக மாற்றிப் பாடி அந்த வகைப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். டென்னஸி, டெக்ஸஸ் பக்கத்து மதுக்கடைகளில் கிதாரும் பிடிலுமாக ஒலித்த பாட்டைச் சார்லஸ் பிளாக்வெல் லண்டனில் வயலின் கூட்டத்தோடும் கோரஸோடும் புதிதாக இசையமைத்தார். மணவாழ்க்கை முடிந்துபோன ஒருவர், என்னைப் போகவிடு என்று கேட்கும் பாட்டு அது. பாடியவருக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது. தோல்வியும் நோயும் பார்த்த குரல். அந்தக் குரலில் அவசரம் இல்லை. மெதுவாகத் தொடங்கி, கடைசிச் சரணத்தில் சுருதி ஏறும்போதுதான் முழு பலத்தையும் காட்டும். நான் அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் கவனிப்பது அந்த நிதானத்தைத்தான்.

1967 ஜனவரியில் வெளியானதும் அது ஓடிவிடவில்லை. லண்டன் பல்லேடியம் அரங்கிலிருந்து ஞாயிறு இரவுதோறும் ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட வேண்டிய டிக்கி வாலன்டைனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி அது. மறுநாளிலிருந்து கடைகளில் கூட்டம். உச்சத்தில் ஒரு நாளைக்கு 85,000 இசைத்தட்டுகள் வரை விற்றதாகச் சொல்வார்கள். பிரிட்டனில் மட்டும் 13 லட்சத்துக்கும் மேல் விற்று, 1967இன் மிக அதிகம் விற்ற சிங்கிள் ஆனது. அமெரிக்காவிலும் நான்காம் இடம் வரை போனது.

1967 என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது பூச்சூடிய இளைஞர்களின் கோடைக்காலம். அந்த வருஷத்தின் முதலிடங்களை வரிசையாகப் பாருங்கள். பிப்ரவரியில் பெட்டுலா கிளார்க். அடுத்து ஆறு வாரம் ஹம்பர்டிங்க். ஏப்ரலில் ஃபிராங்க் சினாட்ராவும் மகள் நான்ஸியும் சேர்ந்து பாடிய பாட்டு. பிறகு யூரோவிஷனில் வென்ற சாண்டி ஷா. கோடையில் புரோகோல் ஹாரம், பீட்டில்ஸ், அடுத்து ஸ்காட் மெக்கன்ஸியின் 'சான் ஃபிரான்சிஸ்கோ'. பூச்சூடியவர்களின் கீதம் என்றே பெயர் வாங்கிய அந்தப் பாட்டைச் செப்டம்பரில் இறக்கிவிட்டு முதலிடத்துக்கு வந்தது எது? மறுபடியும் ஹம்பர்டிங்க். லெஸ் ரீடும் பாரி மேசனும் எழுதிய 'தி லாஸ்ட் வால்ட்ஸ்', ஐந்து வாரம். செப்டம்பர் 30 அன்று இளைஞர்களுக்கென்றே பி.பி.சி. ரேடியோ 1ஐத் தொடங்கியபோது நாட்டின் முதல் பாட்டாக இருந்தது இதுதான். இதுவும் 10 லட்சத்தைத் தாண்டி விற்றது.

பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மட்டும் இந்த அளவுக்கு வாங்கியிருக்க முடியாது. பாட்டுக் கடைக்கு அடிக்கடி போகாதவர்கள் போயிருக்கிறார்கள். சம்பளம் வாங்கிய வாரத்தில் போயிருக்கிறார்கள். ஒருவர் வாங்கியதைக் கேட்டு இன்னொருவர் அடுத்த மாதம் போயிருக்கிறார். பத்திரிகை படித்து முதல் வாரமே ஓடி வாங்குகிறவர்களால் ஒரு பாட்டு உச்சிக்குப் போகும். தயங்கித் தயங்கி வருகிறவர்களால்தான் அது 56 வாரம் தங்கும்.

இதை நான் ஊகமாக மட்டும் சொல்லவில்லை. நான் வளர்ந்தது பெரம்பூரில். எங்கள் தெருவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு ஹம்பர்டிங்க் என்றால் உயிர். "நம்ம மெட்ராஸ் பையன் பாடறான், வந்து கேளு" என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களில் கடைசியாக 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' தான் வைப்பார்களாம். அவர் அந்த இசைத்தட்டை வாங்கியது அது வெளிவந்து வெகுநாள் கழித்து, மூர் மார்க்கெட்டின் பழைய சரக்குக் கடையில். அவர் கொடுத்த காசு எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது. அவரோடு சேர்ந்தவர்களும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். போகும்போது பெட்டியில் இந்தத் தட்டுகளும் போயின.

நியூஸிலாந்தில் நடந்தது இன்னும் பெரிய விஷயம். 'ரிலீஸ் மீ' தட்டின் பின்பக்கத்தில் 'டென் கிட்டார்ஸ்' என்று ஒரு பாட்டு. எழுதியவர் கார்டன் மில்ஸ். மற்ற நாடுகளில் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நியூஸிலாந்தில், முக்கியமாக மாவோரி மக்களிடையே, கிதார் எடுத்தவர்கள் எல்லோரும் அதைப் பாடினார்கள். கல்யாண வீட்டிலும் விருந்திலும் கூடிப் பாடும் பாட்டாகி, அந்த நாட்டின் இன்னொரு தேசிய கீதம் என்று சொல்லுமளவுக்கு வேர்விட்டது. மதராஸில் பிறந்தவர் எழுதி, மதராஸில் பிறந்தவர் பாடி, லண்டனில் பதிவான பின்பக்கப் பாட்டு, உலகத்தின் தென்கோடியில் ஒரு மக்களின் சொந்தப் பாட்டாகிவிட்டது.

'ரிலீஸ் மீ'க்குப் பிறகு 1969 வரை அவருக்குப் பொன்னான காலம். 'தேர் கோஸ் மை எவ்ரிதிங்' இரண்டாம் இடம். 'ஆம் ஐ தட் ஈஸி டு ஃபர்கெட்' மூன்று. இத்தாலியின் சான் ரெமோ பாட்டு விழாவிலிருந்து வந்த மெட்டுக்கு பாரி மேசன் ஆங்கில வரிகள் எழுதிய 'எ மேன் வித்தவுட் லவ்' மூன்று. 1969இல் 'தி வே இட் யூஸ்ட் டு பீ' மூன்று, 'விண்டர் வேர்ல்ட் ஆஃப் லவ்' ஏழு. எழுபதுகள் தொடங்கியதும் பிரிட்டனில் இறங்குமுகம். அமெரிக்காவின் மேடைகளுக்கும் லாஸ் வேகாஸுக்கும் போனார். 1976இல் வெளியான 'ஆஃப்டர் தி லவ்வின்' அங்கே எட்டாம் இடத்தைப் பிடித்தது. 2012இல் பிரிட்டனின் சார்பாக பாக்கு நகரத்தில் யூரோவிஷன் மேடையேறியபோது அவருக்கு வயது 76. 26 நாடுகளில் 25ஆவதாக வந்தார். 2022இல் 'மூன் நைட்' தொடரில் 'எ மேன் வித்தவுட் லவ்' ஒலித்தபோது, அவருடைய பேரப்பிள்ளைகள் வயதுக்காரர்கள் யார் இந்தக் குரல் என்று தேடினார்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது. இசை வரலாறு எழுதுகிறவர்கள் புதுமை செய்தவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்' ஒலிப்பதிவுக் கூடத்தையே மாற்றியது. ஆனால் கேட்டவர்களும் அந்த வரலாற்றில் பாதி. ஆலையிலும் அலுவலகத்திலும் அடுப்படியிலும் உழைத்துவிட்டு வந்து, தங்கள் துக்கத்துக்கு ஏற்ற ஒரு குரலைக் கேட்டவர்கள் கட்டுரை எழுதி வைக்கவில்லை, பேட்டி கொடுக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஒரே கையெழுத்து இந்த விற்பனைக் கணக்குத்தான். பீட்டில்ஸைத் தடுத்த பாட்டு என்று 'ரிலீஸ் மீ'யை ஒதுக்கும்போது அந்த லட்சக்கணக்கான பேரையும் சேர்த்தே அழித்துவிடுகிறோம். அவர்களுடைய ரசனை தாழ்ந்தது என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு வருஷத்துக்கு மேலாக, வாரம் தவறாமல், ஒரே பாட்டிடம் ஆறுதல் தேடி வந்தவர்களின் அந்த 56ஐ, 1967இன் வரலாறு எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.