எண்களில் பிறந்த இசை

இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் முள் ஓடிப் பாடக் கேட்டிருக்கிறோம். எண்களும் பாடுமோ? பாடின. 1957ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்பார் ஐ.பி.எம். 704 கணிப்பொறியைக் கொண்டு எண்களிலிருந்தே இசையை எழுப்பினார். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்கிற்று.

அவ்வெண்களை வீட்டுக் கணிப்பொறியும் ஏற்றது. ஆயின் அன்று அதன் சேமிப்பிடம் சிறிது. ஆகவே 1990களில் பரவிய எம்பி3 முறை, செவிக்குப் புலப்படாதெனக் கருதிய ஒலிகளை நீக்கிச் சுருக்கிற்று. நீக்கியது மீளாது. 2001இல் வந்த ஃபிளாக் முறையோ ஒன்றையும் இழக்காமல் சுருக்கிற்று.

இன்று நம் இல்லத்துக் கணிப்பொறியின் எண்கள் மாற்றியில் மின்னோட்டமாகி, ஹை-ஃபை பெருக்கியில் வலுப்பெற்று இசையாகின்றன. பழந்தட்டுகளைக் கணிப்பொறியில் ஏற்றுவோர் இழப்பற்ற முறையையே கைக்கொள்ளல் வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்கப்போய் இசையை இழத்தலாகாது.