கூலிக்குக் கொலை: ஒரு விண்வெளி விளையாட்டின் வரலாறு



கூலிப்படை என்பது பழைய தொழில். 14-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அதில் பெயர் போனவர் ஜான் ஹாக்வுட் என்ற ஆங்கிலேயர். 1375-இல் ஃபிளாரன்ஸ் நகரம், தன்னைத் தாக்காமல் இருப்பதற்காகவே அவருக்கு 1,30,000 ஃபுளோரின் தங்கக் காசுகள் தர ஒப்புக்கொண்டது! பிற்பாடு அதே நகரத்துக்கு அவர் தளபதியும் ஆனார். காசு தருகிறவர் பக்கம் கத்தி சாயும். கூலிப்படையை நம்பி ஆள்வது ஆபத்து என்று மாக்கியவெல்லி பின்னாளில் எழுதியதில் ஆச்சரியமில்லை.

இந்தத் தொழில் கணினிக்குள்ளும் நுழைந்தது. ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் உருவாக்கி 2003 மே மாதம் வெளிவந்த 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே விண்வெளியில் ஆடுகிறார்கள். கம்பெனி தொடங்குகிறார்கள், கூட்டணி அமைக்கிறார்கள், போர் நடத்துகிறார்கள். கப்பல் அழிந்தால் அழிந்ததுதான். உளவும் துரோகமும் அங்கே விதிமீறல் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கூலிப்படை முளைக்காமல் இருக்குமா?

'கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப்' அப்படி ஒரு குழு. 'உபிக்வா செராஃப்' என்ற கம்பெனியின் தலைவி மிரியல் (விளையாட்டில் வரும் பாத்திரத்தின் பெயர்தான் இது) கொல்லப்பட வேண்டும், உடல் கைக்கு வர வேண்டும் என்று யாரோ ஒருவர் அவர்களிடம் ஒப்பந்தம் போட்டார். கூலி 100 கோடி ஐ.எஸ்.கே. அதாவது அந்த விளையாட்டின் நாணயம்.

அவர்கள் படை திரட்டிப் போகவில்லை. ஒவ்வொருவராக அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மாதக்கணக்கில் கூடவே உழைத்தார்கள், சேர்ந்து சண்டை போட்டார்கள், பதவி உயர்வும் பெற்றார்கள். ஈவில் கிடங்கை யார் திறக்கலாம் என்பதைக் கம்பெனி நிர்வாகமே முடிவு செய்யும். ஆக, பூட்டை உடைக்க வேண்டிய தேவையே வரவில்லை. சாவியை அவர்களே கையில் கொடுத்துவிட்டார்கள்.

2005 ஏப்ரலில் ஒரே நேரத்தில் எல்லாம் நடந்தது. மிரியலின் அபூர்வமான போர்க்கப்பலைப் பக்கத்தில் துணைக்கு வந்தவர்களே சுட்டார்கள். தப்பிய சிறு கலத்தையும் விடவில்லை. அதே வேளையில் கிடங்குகள் காலியாயின. மொத்த இழப்பு சுமார் 3,000 கோடி ஐ.எஸ்.கே.; அன்றைய கணக்கில் ஏறக்குறைய 16,500 அமெரிக்க டாலர். விதி எதுவும் மீறப்படாததால் சி.சி.பி. தலையிடவில்லை.

ஹாக்வுட் வந்தால் மதில் மேலிருந்தே தெரியும். பேரம் பேச நேரம் கிடைக்கும். இங்கே எதிரி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். மிரியல் பாத்திரம் மறுபடி உயிர் பெற்றுவிடும், கப்பலையும் நாள்பட வேறு வாங்கலாம். ஆனால் மாதக்கணக்கில் நண்பன் என்று நினைத்தது நிஜ மனிதர்கள். அந்த ஏமாற்றம் விளையாட்டோடு முடிந்துவிடுமா? புதிதாகச் சேர வருகிறவரைத் துருவித் துருவி விசாரிப்பது ஈவ் குழுக்களில் வழக்கமாக இருப்பது சும்மா இல்லை.

விதி அனுமதிக்கிறது என்பதற்காக ஒரு காரியம் நியாயமாகிவிடாது என்பது என் கட்சி. "விளையாட்டுதானே" என்று கேட்கிறவர்களும் இருப்பீர்கள். நீங்கள் எந்தப் பக்கம்?