மூவிலையும் பச்சையும்: பத்திரிசியார் திருநாளின் அடையாளங்கள் உருவான வரலாறு

மார்ச் 17 அயர்லாந்தின் தேசியத் திருநாள். ஐந்தாம் நூற்றாண்டில் அந்தத் தீவில் கிறித்தவம் பரப்பிய ஆயர் புனித பத்திரிசியாரின் நினைவுநாள் அது. யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் பெயரால் ஈழத் தமிழருக்கும் பழகிய புனிதர் அவர். பச்சை உடை, சட்டையில் செருகும் மூவிலைக் கொத்து, தெருவை நிறைக்கும் ஊர்வலம், பாம்புகளை விரட்டிய கதை ஆகிய யாவும் அவர் காலந்தொட்டு வருபவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. இவற்றுள் பெரும்பாலானவை கடந்த நானூறு ஆண்டுகளில் சேர்ந்தவை. சில அயர்லாந்து மண்ணில் பிறக்கவே இல்லை.

பத்திரிசியார் எழுதியவை என ஆய்வாளர்கள் ஏற்கும் இலத்தீன் எழுத்துகள் இரண்டே: அவரது தன்வரலாற்று அறிக்கை, கொரோட்டிக்கஸ் என்ற தலைவனின் படையினரைக் கண்டித்த மடல். இரண்டிலும் மூவிலையும் இல்லை, பாம்பும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் முயிர்ஹூ, தீரெஹான் என்னும் இருவர் அவர் வரலாற்றை அற்புதங்கள் மலிய எழுதினர். அங்கும் மூவிலையைக் காணோம். பாம்புக் கதைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் 12ஆம் நூற்றாண்டுத் துறவி ஜோஸ்லின். ஏறத்தாழ அதே காலத்தில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு அதை நம்ப மறுத்தார். அவர் மறுத்ததற்குக் காரணம் இருந்தது. அயர்லாந்தில் பாம்பே இல்லை என்று, பத்திரிசியாருக்கும் முன்பே, மூன்றாம் நூற்றாண்டில் சொலினஸ் என்ற உரோமானிய எழுத்தாளர் குறித்திருந்தார். பனியுகத்துக்குப் பின் கடல் உயர்ந்து தீவு தனித்துப் போனதால் பாம்பினம் அங்கு வந்து சேரவில்லை என்பது இன்றைய அறிவியல் விளக்கம்.

ஷாம்ராக் எனப்படும் மூவிலையின் கதை இன்னும் சுவையானது. அதைக் கையில் ஏந்திய பத்திரிசியார் முதலில் தென்படுவது கோயில் சிற்பத்திலோ ஏட்டுச் சுவடியிலோ அல்ல. 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புழங்கிய செப்புக் காசில். பெரிய காசில் மக்கள் கூட்டத்தின் முன் மூவிலையோடு நிற்கிறார். சிறிய காசில் பாம்புகளை விரட்டுகிறார். மறுபுறத்தில் மண்டியிட்டு யாழ் மீட்டும் அரசன். புனிதர், மூவிலை, பாம்பு, யாழ் ஆகிய நான்கும் அந்தக் காசுகளிலேயே ஒன்றுகூடிவிட்டன.

1681இல் அயர்லாந்தைச் சுற்றிவந்த தாமஸ் டைன்லி என்ற ஆங்கிலேயர் தரும் குறிப்பே இத்திருநாளின் தொடக்ககாலக் காட்சிகளுள் மிகத் தெளிவானது. எல்லாத் தரத்தினரும் அன்று தொப்பியில் சிலுவை அணிந்தனர். சிலர் குண்டூசிகளால் செய்தது, சிலர் பச்சை நாடாவால் செய்தது. எளிய மக்கள்தாம் மூவிலையைச் சூடினர். அதைத் தின்னவும் செய்தனர், வாய் மணக்குமாம். வேலையாட்கள் எசமானர்களிடம் பத்திரிசியார் காசு கேட்டு வாங்கிக் குடித்தனர். இரவில் தெளிவாக நடமாடியவர் மிகச் சிலரே என்கிறார். ஆக, அன்று ஊரறிந்த பொது அடையாளம் சிலுவை, மூவிலை ஏழைகளுடையது. பின்னாளில் சிலுவை மறைந்தது, மூவிலை நிலைத்தது.

மூன்று இலை ஒரு காம்பில் இருப்பதைக் காட்டி மூவொரு கடவுளைப் பத்திரிசியார் விளக்கினார் என்ற செய்தி எழுத்தில் பதிவாவது 1726இல்தான். டப்ளினில் வாழ்ந்த மருத்துவரும் போதகருமான காலெப் திரெல்கெல்ட் தம் தாவர நூலில் மக்கள் வழக்காக இதைச் சொல்கிறார். புனிதர் மறைந்து ஏறத்தாழ 1200 ஆண்டுகள் கழிந்த பின்பு! மூவிலையை நனைக்கிறோம் என்ற பெயரில் மிதமிஞ்சிக் குடிப்பதையும் அங்கேயே அவர் கடிந்துகொள்கிறார். இறையியல் விளக்கமும் குடிவழக்கமும் ஒரே இடத்தில் பதிவானது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தவக்கால நோன்புக்கு நடுவே வரும் திருநாளில் தளர்வு கிடைக்கும்போது இரண்டும் சேர்ந்தே வளரும்.

எது உண்மையான ஷாம்ராக்? 1893இல் நதானியேல் கோல்கன் பல மாவட்டங்களிலிருந்து செடிகளை வரவழைத்து, வளர்த்து, பூத்த பின் பார்த்தார். மஞ்சள் பூக்கும் சிறு கிளோவர் முதலிடமும் வெள்ளைக் கிளோவர் இரண்டாமிடமும் பெற்றன. 1988இல் சார்லஸ் நெல்சன் திரும்பச் செய்தபோதும் வரிசை மாறவில்லை. தனித்த ஒரு தாவரம் என்று எதுவும் அகப்படவில்லை.

நிறத்திலும் ஒரு போட்டி நடந்தது. 1783இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பத்திரிசியார் பெயரில் நிறுவிய வீரர் விருதுக்குரிய நிறம் வெளிர்நீலம். 1640களில் கிளர்ச்சியாளர்கள் ஏந்திய பச்சைக் கொடியை 1790களில் ஐக்கிய அயர்லாந்தியர் இயக்கம் தனதாக்கியது. 1798 எழுச்சி நசுக்கப்பட்ட பின் பச்சை அணிவது அரச விரோதத்தின் அறிகுறியாயிற்று. அந்தச் சந்தேகமே அதை மக்கள் நெஞ்சில் ஊன்றியது. அரண்மனை நீலம் விழாமேடையில் தோற்றாலும் அழிந்துபோகவில்லை. அயர்லாந்துக் குடியரசின் சின்னத்தில் பொன் யாழுக்குப் பின்னணி இன்றும் நீலமே. பேரரசு பின்னர் பச்சையோடு சமரசம் செய்துகொண்டது. போயர் போரில் அயர்லாந்துப் படையினர் காட்டிய வீரத்துக்காக, 1900இல் விக்டோரியா அரசி அவர்கள் மார்ச் 17இல் மூவிலை சூட ஆணையிட்டார்.

ஊர்வலமோ கடல் கடந்து பிறந்தது. ஸ்பானியர் ஆட்சியிலிருந்த ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் 1601இலேயே ஓர் ஊர்வலம் நடந்ததற்கு ஆவணம் கிடைத்துள்ளது. 1737இல் பாஸ்டனில் அயர்லாந்தியர் அறச்சங்கம் விழா எடுத்தது. 1762இல் நியூயார்க்கில் ஊர்வலம் போனவர்களுள் பிரித்தானியப் படையிலிருந்த அயர்லாந்து வீரர்களும் உண்டு. 1840களின் பெரும்பஞ்சத்தால் துரத்தப்பட்டுக் குடியேறியோர் தங்கள் வாக்குவலிமையைக் காட்டும் மேடையாக அதை மாற்றினர். தாய்நாடோ பிந்தியே விழித்தது. பொது விடுமுறைச் சட்டம் 1903இல் வந்தது. டப்ளினில் அரசு சார்பில் முதல் அணிவகுப்பு 1931இல்தான். மதுக்கடைகளைச் சட்டம் அன்று அடைத்து வைத்திருந்தது. டப்ளினில் ஒரு நாய்க் கண்காட்சி மட்டும் விலக்கு. நாய்களின் மேல் நகரத்தாருக்கு அன்று பிறந்த ஆர்வம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை! 1960இல் சட்டம் மாறியது. சிகாகோ ஆற்றுக்கு 1962 முதல் பச்சைச் சாயம் ஊற்றுகிறார்கள். அமெரிக்காவில் தழைத்த அந்தக் கோலாகலத்தைப் பார்த்து, சுற்றுலாவையும் கணக்கில் வைத்து, அயர்லாந்து அரசு 1996இல் தன் முதல் பெருவிழாவை நடத்தியது. புலம்பெயர்ந்தவர்கள் ஆக்கிய திருநாளைத் தாய்நாடு இறக்குமதி செய்துகொண்டது என்பதே என் முடிவு.

இந்த ஆரவாரங்களில் ஒன்று விடுபட்டுப்போயிற்று. பத்திரிசியார் பதினாறு வயதில் கடத்தப்பட்டு, அயர்லாந்தில் ஆறாண்டு அடிமையாக மந்தை மேய்த்தவர். கொரோட்டிக்கஸின் ஆட்களை அவர் கண்டித்ததும், தாம் திருமுழுக்குத் தந்தவர்களை அவர்கள் கொன்றும் அடிமைகளாகக் கொண்டுபோயும் செய்த கொடுமைக்காகவே. கரீபியன் தீவான மொன்செராட்டிலோ அயர்லாந்து வழிவந்த பண்ணையார்களே ஆப்பிரிக்கர்களை அடிமை கொண்டிருந்தனர். 1768 மார்ச் 17 அன்று, அவர்கள் விருந்தில் மூழ்கியிருக்கும் வேளை பார்த்து எழ அடிமைகள் திட்டமிட்டனர். திட்டம் கசிந்தது, தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர். மூவிலையையும் பாம்பையும்விட அந்த எழுச்சியே பத்திரிசியாரின் மடலுக்கு நெருக்கமானது. 1985 முதல் மொன்செராட்டில் மார்ச் 17 அரசு விடுமுறை; அங்கு நினைவுகூரப்படுவது அந்த எழுச்சி.