தடைக்குப் பின் வந்த தட்டுப்பாடு: இந்தியாவில் ரத்த வங்கிச் சட்டங்களும் சிற்றூர் நோயாளிகளும்

உலகில் ஆண்டுதோறும் பெறப்படும் ஏறத்தாழ 11.85 கோடி ரத்தக் கொடைகளில் 40 விழுக்காடு பணக்கார நாடுகளில் சேர்கிறது. உலக மக்களில் 16 விழுக்காட்டினரே அங்கு வாழ்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் இந்தக் கணக்கை வைத்து, ஏழை நாட்டு மக்களுக்குக் கொடுக்கும் மனம் குறைவு என்று முடிவுகட்டுவோர் உண்டு. இந்திய அனுபவம் அந்த முடிவுக்கு இடம் தரவில்லை. ரத்தத்தைத் தூய்மையாக்க இங்கே எடுத்த முடிவுகள் சரியானவை. அவற்றோடு சேர்த்து எடுத்திருக்க வேண்டிய முடிவுகள்தாம் விடுபட்டுப்போயின.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், கல்கத்தாவில் ரத்த வங்கி தொடங்கியது. பம்பாயில் 1954 முதல் லீலா மூல்காவ்கர் தன்னார்வக் கொடை முகாம்களை நடத்தினார். அறுவைச் சிகிச்சைகள் பெருகிய வேகத்துக்கு முகாம்கள் ஈடுகொடுக்கவில்லை. அந்தக் குறையை நிரப்பியவர்கள் காசுக்கு ரத்தம் கொடுத்த ஏழைகள். சோகை பிடித்த உடம்புகளிலிருந்தே மீண்டும் மீண்டும் ரத்தம் எடுக்கப்பட்டது. ஊதியமில்லாக் கொடையை வலியுறுத்தி 1975-இல் உலகச் சுகாதாரப் பேரவை தீர்மானம் நிறைவேற்றிய பின்னும் இந்த வணிகம் தொடர்ந்தது.

அதை உலுக்கியது எச்.ஐ.வி. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தனர். நடுவண் அரசுக்காக 1990-இல் தயாரான ஆய்வறிக்கை ஒன்று, நாட்டின் ரத்த வங்கிகளில் பாதிக்கு மேல் உரிமமின்றி நடப்பதாகச் சொன்னது. 'காமன் காஸ்' அமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஜனவரி 4-இல் வந்த தீர்ப்பு, காசுக்கு ரத்தம் கொடுப்பதை இரண்டாண்டுகளில் ஒழிக்க உத்தரவிட்டது. தேசிய, மாநில ரத்தக் குழுமங்களும் அதன் விளைவாகவே பிறந்தன. 1998 ஜனவரி முதல் தடை நடைமுறைக்கு வந்தது.

விற்பவர்கள் விலக்கப்பட்ட இடத்துக்கு, போதிய தன்னார்வலர்கள் எல்லா மாநிலங்களிலும் திரளவில்லை. சுமை நோயாளியின் வீட்டார் மேல் விழுந்தது. "ரெண்டு யூனிட் வேணும், ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்ற சொல்லைக் கேட்காத குடும்பம் குறைவு. சொந்தபந்தம் அருகில் இல்லாத கூலித் தொழிலாளி எங்கே போவார்? உறவினர் என்ற பெயரில் தரகர்கள் ஆள் அனுப்பினார்கள். 2008-இல் உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூரில், அடைத்துவைத்து ரத்தம் உறிஞ்சப்பட்ட தொழிலாளர்களைக் காவல்துறை மீட்டது. தடைக்குப் பத்தாண்டுகளுக்குப் பின்னும் கள்ளச் சந்தை எவ்வளவு கொடூரமாக நடந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தூரம் இன்னொரு சிக்கல். 1990-களில் இறுகிய விதிகளின்படி ரத்த வங்கிக்கு 100 சதுர மீட்டர் இடம், குளிர்சாதன வசதி, பயிற்சி பெற்ற மருத்துவர், தொழில்நுட்பர் எல்லாம் வேண்டும். மலையோர வட்டார மருத்துவமனைக்கு இது எட்டாக் கனி. பேறுகால ரத்தப்போக்கு தொடங்கினால் இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போய்விடும். ரத்தமோ மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. இதற்கு மாற்றாக 2001-இல், தாய் வங்கியிலிருந்து ரத்தம் பெற்று இருப்பு வைக்கும் சேமிப்பு மையங்களுக்குத் தனி உரிமம் தேவையில்லை என்று விதி தளர்ந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாய் வங்கியே வறண்டிருந்தால் மையத்தின் குளிர்பெட்டியும் காலிதான். கையிருப்பு ரத்தத்தின் ஆயுளும் ஏறக்குறைய 35 நாள்களே.

எனவேதான் ஊரக அறுவைச் சிகிச்சையாளர் சங்கமும், சத்தீஸ்கரின் பிலாஸ்பூர்ப் பகுதியில் பணியாற்றும் மருத்துவர்களும், கொடையாளரை அங்கேயே விரைவுச் சோதனை செய்து, பொருத்தம் பார்த்து, வங்கியில் வைக்காமலே நோயாளிக்கு ஏற்றும் முறையை அனுமதிக்கக் கோரினர். விரைவுச் சோதனையில் தொற்று தப்பிவிடலாம் என்ற அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. அதே வேளையில் வங்கி வழி வரும் ரத்தமும் முழுக் காப்பல்ல: 2018-இல் சாத்தூரில் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. இரு பக்க ஆபத்தையும் எடைபோடும்போது, ரத்தம் கிடைக்காமல் இறப்பவரை எந்தத் தொற்றுப் பதிவேடும் எண்ணுவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வங்கியில் வைக்காமல் ஏற்றும் இதே முறைக்கு, எல்லைப்புறங்களிலும் சிறு மருத்துவமனைகளிலும் பணிபுரியும் ராணுவ மருத்துவர்களுக்கு மருந்து விதிகளில் ஏற்கெனவே விலக்கு உண்டு. கடுமையான நிபந்தனைகளோடு அதைப் பழங்குடி வட்டாரங்களின் மகப்பேறு மருத்துவமனைகளுக்கும் நீட்டிக்க மறுப்பதற்கு நியாயமான மருத்துவக் காரணம் எனக்குத் தென்படவில்லை.