மனநோயாளிக்கு அறுபது நாள் கெடு

காஸ்ட்-பெனிஃபிட் கணக்கு என்றதும் காமர்ஸ் படிக்கும் நமக்கு ஞாபகம் வருவது மெஷின், முதலீடு, லாபம் இவைதான். ஒரு நோயாளியின் உதவித்தொகையை நிறுத்தும் முன் அவர் சொல்வதைக் கேட்க வேண்டுமா என்பதற்கும் இதே மாதிரி ஒரு கணக்கைப் போட்டிருக்கிறார்கள். போட்டது அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1976ல்.

ஜார்ஜ் எல்ட்ரிட்ஜ் வர்ஜீனியா மாநிலத்துக்காரர். தீராத மனப்பதற்றம், கூடவே முதுகுக் கோளாறு. உழைக்க முடியாதவர்களுக்கான உதவித்தொகை 1968ல் அவருக்குக் கிடைத்தது. 1972 மார்ச்சில் ஒரு கேள்வித்தாள் வந்தது, நிரப்பி அனுப்பினார். மருத்துவர்களிடமும் அறிக்கை வாங்கினார்கள். மே மாதம், அவருடைய இயலாமை முடிந்துவிட்டதாகத் தெரிகிறது என்று கடிதம் வந்தது. மறுத்து எழுதினார். ஜூலையோடு பணம் நின்றது. நேரில் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

மறுபரிசீலனைக்கு மனுப் போட அவருக்கு 6 மாத அவகாசம் இருந்தது. அவரோ நேராக நீதிமன்றம் போனார். முதலில் விசாரணை, பிறகுதான் நிறுத்தம் என்பது அவர் வாதம். ஏழைகளுக்கான நல உதவி விஷயத்தில் 1970லேயே உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்திருந்தது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் எல்ட்ரிட்ஜ் பக்கமே நின்றன.

உச்ச நீதிமன்றத்தில் 6-2 என்று தோற்றார். தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல் மூன்றை எடை போடச் சொன்னார்: அந்த மனிதருக்கு ஏற்படும் இழப்பு, முடிவு தவறாகிப் போகும் வாய்ப்பு, அரசுக்கு ஆகும் செலவும் சிரமமும். மருத்துவ அறிக்கைகள் பெரும்பாலும் நம்பகமானவை, எனவே முதலில் காகிதத்தில் முடிவு செய்தால் போதும், பிறகு விசாரணையில் ஜெயித்தால் நிலுவைப் பணம் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்தப் "பிறகு" வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. எல்ட்ரிட்ஜின் வீடு கடனில் போனது, சாமான்களைத் தூக்கிப் போனார்கள், குடும்பமே ஒரே படுக்கையில் படுக்க நேர்ந்தது என்பதை மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரென்னன் பதிவு செய்திருக்கிறார்.

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. பயனாளிகளை அவ்வப்போது மறுஆய்வு செய்ய 1980ல் சட்டம் வந்தது. ரீகன் அரசு 1981 மார்ச்சிலேயே அதைத் தீவிரமாகத் தொடங்கியது. சில வருடங்களில் லட்சக்கணக்கானவர்களுக்கு நிறுத்தக் கடிதம் போனது. மனநோயாளிகள்தான் அதில் அதிகம் அடிபட்டார்கள். மேல்முறையீட்டில் சுமார் 2 லட்சம் பேருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. அப்படியென்றால் முதல் முடிவுகள் எந்த லட்சணத்தில் இருந்தன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. அரசின் நோய்ப் பட்டியலில் உள்ள அளவுக்குக் கடுமையாக இல்லையா? அப்படியானால் இந்த இளவயது மனநோயாளியால் சாதாரண வேலை செய்ய முடியும் என்று, ஆளைத் தனியாகப் பரிசீலிக்காமலே முடிவு கட்டியிருக்கிறார்கள். இது வெளியே சொல்லாத உள் விதி. வழக்கு 1986ல் உச்ச நீதிமன்றம் வந்தது. மேல்முறையீட்டுக்கான 60 நாள் கெடுவைத் தவறவிட்டவர்களையும் சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி. சேர்க்கலாம் என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. ஒளித்து வைத்த விதியை எதிர்த்து எப்படி மேல்முறையீடு செய்ய முடியும்? இந்த அலைச்சலே நோயாளியின் நிலையை மோசமாக்கிவிடலாம் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. எழுதியவர் யார் தெரியுமா? அதே பவல்!

இதற்குள் 1984ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியிருந்தது. உடல்நிலையோ மனநிலையோ தேறியிருப்பதற்கு ஆதாரம் இல்லாமல் பொதுவாகப் பணத்தை நிறுத்தக் கூடாது, மனநோய்க்கான அளவுகோல்களை மாற்றி எழுத வேண்டும் என்றது அந்தத் திருத்தம்.

அந்த 60 நாள் கெடு இன்றும் இருக்கிறது. காலை முறித்துக்கொண்டவர் கடிதத்தைப் பிரித்துப் படித்து பதில் எழுதிவிடுவார். மனச்சோர்வில் கிடப்பவருக்கு அந்த உறையைப் பிரிப்பதே மலையைப் புரட்டுகிற வேலை. மேல்முறையீடு செய்யாதவர் முடிவை ஒப்புக்கொண்டவர் என்று அரசு எழுதிக்கொண்டால், நோயின் அறிகுறியையே சம்மதக் கையெழுத்தாக எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். பவலின் முதல் கணக்கில் விட்டுப்போன செலவு இதுதான்.