கோடை விடுமுறையும் சென்னை வரலாறும்



வரலாறு என்றவுடன் நம் மாணவர்க்கு மன்னர்களின் பெயர்களும் போர்களின் ஆண்டுகளுமே நினைவுக்கு வருகின்றன. தேர்வு முடிந்ததும் அவை மறந்தும் போகின்றன. இதற்காக மாணவரைக் குறை கூறிப் பயனில்லை. கண்ணால் காணாத ஒன்றை நெடுநாள் நெஞ்சில் இருத்துவது எவர்க்கும் அரிது. ஆனால் வரலாற்றைக் கண்ணால் காண்பதற்கும் ஒரு வழி உண்டு. கோடை விடுமுறையில் ஒரு பெருநகரைக் கால்நடையாகச் சுற்றிப் பார்ப்பதே அவ்வழி.

எனக்கு அந்த வாய்ப்பு 1977-ஆம் ஆண்டில் கிட்டியது. புகுமுக வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு, சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் குடியிருந்த என் தாய்மாமன் வீட்டில் ஒரு திங்கள் தங்கினேன். விடியற்காலையில் புறப்படுவேன், வெயில் ஏறுமுன் வீடு திரும்புவேன். கையில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருக்கும். கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே துடித்தேன். மாமாவோ, “கோட்டை எங்கும் ஓடிப்போகாது, மாப்பிள்ளை. நீ படுத்து எழுந்த இந்தப் பேட்டை எப்படி உண்டாயிற்று என்பதை முதலில் தெரிந்துகொள்” என்றார்.

அவர் கூறியது பொருள் பொதிந்த சொல். கூவம் ஆறு மூன்று புறமும் வளைந்து செல்லும் அந்தப் பேட்டை, 1734-ஆம் ஆண்டில் நெசவாளருக்கென்றே அமைக்கப்பட்டது. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். வடக்கே திருவொற்றியூர்ப் பக்கத்தில் காலாடிப்பேட்டை இருக்கிறது. அதுவும் நெசவாளருக்காக எழுந்த குடியிருப்பே. காலெட் என்னும் ஆங்கில ஆளுநரின் பெயர் நம் மக்கள் நாவில் அவ்வாறு உருமாறிற்று. நெய்த துணியை வெளுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. இந்த மூன்று பெயர்களையும் சேர்த்துப் பார்த்தாலே சென்னை ஏன் பிறந்தது என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிடுகிறது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கரைக்கு வந்தது நம் பருத்தித் துணியை நாடித்தான்.

இதை மனத்தில் கொண்டு கோட்டைக்குச் சென்றால், அங்குள்ள கற்கள் புதிய பொருள் தருகின்றன. 1639-இல் தமர்லா வெங்கடப்ப நாயக்கரிடமிருந்து பிரான்சிஸ் டே என்பவர் இந்த மணற்கரையைப் பெற்றார். அடுத்த ஆண்டே கோட்டைப்பணி தொடங்கியது. வியப்பு என்னவெனில், இங்கே அப்போது துறைமுகமே இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றி இறக்கின. ஆணி அடித்த படகு அந்த அலையில் மோதி உடையும்; தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பும். துறைமுகப்பணி தொடங்கியது 1876-இல்தான். அதுவரை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இந்நகரின் வாணிகம் முழுவதையும் தாங்கியவர்கள் பெயர் அறியப்படாத படகோட்டிகள் அல்லரோ!

கோட்டைக்குள் 1680-இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம் உள்ளது. இராபர்ட் கிளைவுக்கு 1753-இல் திருமணம் நடந்தது இங்கேதான். எல்லோரும் அதைப் பார்க்கச் செல்கிறார்கள். நான் நெடுநேரம் நின்றது தேவாலயத்தின் வெளியே, தரையில் பாவப்பட்டிருக்கும் கல்லறைக் கற்களின் அருகே. அவற்றில் ஆங்கிலமும் இலத்தீனும் போர்ச்சுகீசியமும் காணப்படுகின்றன. இவை அங்கே புதைக்கப்பட்டவர்களின் கற்கள் அல்ல. கோட்டைக்கு வெளியே இருந்த பழைய இடுகாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. 1758-ஆம் ஆண்டு இறுதியில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்த இடுகாட்டின் உயர்ந்த கல்லறைகள் அப்படைக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. மறுபடியும் அவ்வாறு நேராதிருக்கவே இடுகாட்டை அகற்றினார்கள்.

இறந்தோரின் கற்களுக்கே இக்கதி என்றால், உயிரோடிருந்தோரின் வீடுகளுக்கு என்ன நேர்ந்தது? இதுவே அந்தக் கோடையில் நான் கற்ற பெரிய பாடம். கோட்டையின் வட மதிலை ஒட்டி, வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த ஒரு நகரம் இருந்தது. கறுப்பர் நகரம் என்று அதனை ஆங்கிலேயர் அழைத்தனர். 1746-இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் அதில் ஒரு பகுதியை இடித்தனர். 1749-இல் சென்னையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் எஞ்சியதையும் படிப்படியாக அகற்றினர். பீரங்கி சுடுவதற்கு எதிரே திறந்தவெளி வேண்டும் என்பதே காரணம். அவ்வெளியில் எவரும் வீடு கட்டக் கூடாது என்பதற்கு அடையாளமாக 1773-இல் ஆறு எல்லைத் தூண்கள் நாட்டப்பட்டன. இன்று எஞ்சியிருப்பது ஒன்றே. பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் அது நிற்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து செல்கின்றனர். அது யாருடைய வீடுகளை நினைவூட்டும் கல் என்பதை அறிந்தோர் சிலரே.

1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றம் அந்தப் பழைய நகரம் இருந்த நிலத்தில்தான் எழுந்தது. அங்கே முன்பு சென்னகேசவப் பெருமாள் கோயில் இருந்தது. வீடுகளோடு அதுவும் போயிற்று. ஆயினும் மக்கள் சோர்ந்துவிடவில்லை. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று முயல, பூக்கடைப் பகுதியில் பெருமாளுக்கும் மல்லீசுவரருக்கும் அருகருகே இரு கோயில்கள் எழுந்தன. பட்டணம் கோயில் என்று அவற்றை மக்கள் வழங்கினர். அந்தக் கோயில்களில் நிற்கும்போது, இடம்பெயர்க்கப்பட்ட ஒரு நகரம் மீண்டும் ஊன்றிய வேர் இதுவே என்ற எண்ணம் எழாமல் இராது.

இடம்பெயர்ந்தோர் குடியேறிய புதிய நகரமே, பிற்காலத்தில் ஜார்ஜ் மன்னரின் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. அங்குள்ள தெருப்பெயர்களைக் குறித்துக்கொண்டே நடப்பது தனி இன்பம். பவளம் விற்றோர் இருந்தது பவளக்காரத் தெரு. நாணயம் அடித்த இடம் தங்கசாலை. ஆர்மேனியர் வாழ்ந்த தெரு தமிழில் அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்டது. அங்கே அரண்மனை ஏதும் இருந்ததில்லை. 1772-இல் கட்டப்பட்ட ஆர்மேனியத் தேவாலயம் இருக்கிறது. வால்டாக்ஸ் சாலை மற்றொரு சான்று. 1767-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரின் புறப்பகுதிவரை வந்தது. அந்த அச்சத்தால் நகரைச் சுற்றி மதில் எழுப்பிய கம்பெனியார், அதற்கான செலவை வரியாக மக்கள் தலையில் சுமத்த எண்ணினர். அவ்வரி தண்டப்படவே இல்லை. மதிலும் பெரும்பாலும் மறைந்தது. ஆனால் ‘மதில் வரி’ என்னும் பொருள் தரும் பெயர் மட்டும் அச்சாலைக்கு நிலைத்துவிட்டது.

இனி ஒன்று. சென்னை 1639-இல் பிறந்தது என்று பாடநூலில் படிக்கிறோம். அது கோட்டை நகருக்குப் பொருந்துமேயன்றி இம்மண் முழுமைக்கும் பொருந்தாது. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. அது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டது. மயிலாப்பூரோ 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம். கோட்டை எழுந்தபோது இவ்வூர்கள் ஏற்கெனவே முதுமை எய்தியிருந்தன. கோட்டை இவற்றுக்குத் தாயன்று. பின்வந்து குடியேறிய இளைய அயலானே.

பின்னர் ஆசிரியனாகிப் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தபோது, மாணவர்களை இவ்விடங்களுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் மூன்று வினாக்களைக் கேட்கச் சொல்வேன். இதைக் கட்டுவித்தவர் யார்? கட்டியவர் யார்? இதற்கு முன் இங்கே இருந்தவர் யார்? முதல் வினாவுக்கு விடை பெரும்பாலும் கல்லிலேயே பொறித்திருக்கும். மற்ற இரண்டையும் நாமே தேட வேண்டும். தெருப்பெயரும், முதியோர் சொல்லும், எஞ்சி நிற்கும் ஒற்றைத் தூணும் அப்போது துணைக்கு வரும்.

மாணவ மாணவியரே! நீங்கள் இருப்பது சென்னையாயினும், மதுரையாயினும், நெல்லையாயினும், வரும் கோடையில் பத்து நாள்களையாவது இதற்கென ஒதுக்குங்கள். காலை இளவெயிலில் செல்லுங்கள்; குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். பார்த்ததை அன்றிரவே எழுதிவையுங்கள். பழைய கற்களில் உங்கள் பெயரைக் கிறுக்காதீர்கள். அவற்றில் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதைப் படியுங்கள். பேரும் புகழும் பெற்றோரின் வரலாற்றைப் பள்ளி உங்களுக்குத் தந்துவிடும். வீடிழந்து மீண்டும் வீடு கட்டியவர்களின் வரலாற்றை, தெருவில் நடந்துதான் நீங்கள் பெற வேண்டும்.